அந்த எண் யாருக்கு வேண்டும்?

சேலம், நாமக்கல் சமவெளியில் மரவள்ளிக் கிழங்கு எடைக்கு மட்டும் விலைபோவதில்லை, பாயிண்ட்டுக்கும் விலைபோகிறது. குச்சிக்கிழங்கு என்றும் சொல்லப்படும் இதன் லோடு ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்கு வந்ததும் மாதிரிக்குக் கொஞ்சம் கிழங்கை எடுத்து, காற்றில் ஒருமுறையும் தண்ணீரில் அமிழ்த்தி ஒருமுறையும் எடை பார்ப்பார்கள். மாவுச்சத்து கூடினால் கிழங்கின் அடர்த்தி கூடும். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம் மாவுச்சத்தைச் சொல்லிவிடும். அந்த எண்தான் பாயிண்ட். 28 பாயிண்ட்டா, 24 பாயிண்ட்டா என்பதில் விவசாயியின் பத்து மாதப் பாடு அடங்கியிருக்கிறது. தராசோ வாங்குகிறவருடையது. விலை சரியும் வருடங்களில் எழும் புகார்களில் இந்த அளவும் சேர்ந்தே வரும்.

இந்தச் சமவெளியில் உள்ள மல்லசமுத்திரத்தை நடுவில் வைத்துப் பார்த்தால் கிழக்கே ராசிபுரம் பக்கம் சேகோ ஆலைகள். தெற்கே நாமக்கல் கோழிப்பண்ணைகள். தென்மேற்கே ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள். அதையும் தாண்டிக் காவிரிக் கரையில் பள்ளிபாளையம், குமாரபாளையத்துச் சாயப்பட்டறைகள். ஊருக்குள் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் பருத்தி ஏலம். ஊரை ஒட்டி ஒரு பொறியியல் கல்லூரி, சுற்றுவட்டாரத்தில் இன்னும் பல. ரிக் வண்டியை விட்டுவிட்டால் மற்ற தொழில்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் வேதியியலையும் உயிரியலையும் நம்பி நடப்பவை. தீவனத்தில் பூஞ்சை நச்சு உண்டா, முட்டையில் மருந்து மிச்சம் உண்டா, கழிவுநீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்ற கேள்விகள் தினமும் எழுகின்றன. பதிலுக்கு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அறிக்கை வருவதற்குள் தீவனம் தீர்ந்துவிடும், முட்டை லாரி ஏறிவிடும், தண்ணீர் ஆற்றில் கலந்துவிடும்.

இந்தக் காத்திருப்பைக் குறைப்பதாகச் சொல்வது பயோசென்சார். வேதிப் பொறியியல் பேராசிரியர் ஒருவர் ஆய்வகத்தில் உணரியை உருவாக்கி, காப்புரிமை எடுத்து, மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு ஸ்டார்ட்அப் தொடங்குவது உலகெங்கும் பழகிப்போன பாதை. இந்தப் பாதையில் போனவர்கள் ஏராளம், ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் கொஞ்சம். ஏன் என்று கேட்டால் நிதி இல்லை, சந்தை இல்லை, அரசு அனுமதி தாமதம் என்று பதில் வரும். அவை உண்மைதான். ஆனால் இந்தத் துறையின் அறுபது வருடக் கதையைப் பார்த்தால் எனக்கு வேறொன்று முந்திக்கொண்டு தெரிகிறது. கருவி காட்டும் எண் யாருக்குத் தேவைப்படுகிறதோ அவரே காசு கொடுக்கிற இடத்தில் உணரி பிழைத்திருக்கிறது. எண்ணைப் பார்க்கவே விரும்பாதவர் தலையில் கட்டப்பட்ட இடத்தில் அது தூசி படிந்து கிடக்கிறது.

பயோசென்சாரில் இரண்டு பாகம். ஒன்று, குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் அடையாளம் காணும் உயிர்ப்பொருள். அது நொதியாக இருக்கலாம், எதிர்ப்பொருளாக இருக்கலாம், முழு நுண்ணுயிரியாகவும் இருக்கலாம். மற்றொன்று, அந்த வினையை மின்சாரமாகவோ நிறமாகவோ மாற்றிக் காட்டும் பகுதி. கர்ப்பத்தைக் காட்டும் பட்டையும், கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த பட்டையும் எதிர்ப்பொருளை வைத்துச் செய்தவை. கறாரான ஆட்கள் அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், நான் சேர்த்துக்கொள்கிறேன்.

முதல் கருவியே தேவையிலிருந்து பிறந்தது. லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் இதய அறுவைச் சிகிச்சைக்காக ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் கருவிகளில் வேலை செய்துகொண்டிருந்தார். ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்று அப்போதைக்கப்போது தெரிய வேண்டியிருந்தது. அதற்காக உருவான ஆக்சிஜன் மின்முனையை 1956இல் வெளியிட்டார். 1962இல் அதே மின்முனையின்மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியைப் படலமாக வைத்தால் ரத்தச் சர்க்கரையை அளக்கலாம் என்று காட்டினார். யெல்லோ ஸ்பிரிங்ஸ் நிறுவனம் 1975இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இடையில் ஓடியவை 13 வருடங்கள். நோயாளி கையில் பிடிக்கும் அளவுக்கு அது சுருங்க மேலும் 12 வருடம் ஆயிற்று. ஆக்ஸ்ஃபோர்ட், கிரான்ஃபீல்ட் ஆய்வாளர்களின் வேலையிலிருந்து வந்த பேனா வடிவக் கருவியை மெடிசென்ஸ் நிறுவனம் 1987இல் விற்கத் தொடங்கியது. பிறகு அபாட் நிறுவனம் மெடிசென்ஸை வாங்கிக்கொண்டது.

இரண்டு பேராசிரியர்கள்

இந்தத் துறையில் வேதிப் பொறியியல்காரர்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பட்டையின் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் ஏறியதும் நடப்பதெல்லாம் அவர்கள் பாடப்புத்தகம்தான். திரவம் நுண்குழாயில் ஓட வேண்டும். சர்க்கரை மூலக்கூறு பரவி நொதியை அடைய வேண்டும். வினை நடக்க வேண்டும். விளைபொருள் மின்முனைக்குப் போக வேண்டும். பரவலின் வேகம் குறைவா, வினையின் வேகம் குறைவா என்பதைப் பொறுத்து எண் மாறும். ஆயிரம் லிட்டர் தொட்டியில் போடும் அதே கணக்கை இங்கே ஒரு மைக்ரோலிட்டரில் போடுகிறார்கள்.

அந்தக் கணக்கை வெற்றியாக்கிக் காட்டியவர் ஆடம் ஹெல்லர். 1933இல் ருமேனியாவின் க்ளூஜ் நகரில் பிறந்தவர். நாஜிகளின் யூதப் படுகொலையில் தப்பிப் பிழைத்தவர். ஜெருசலேமில் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி, அமெரிக்காவுக்குப் போய், மின்கலங்களில் வேலை செய்து, பெல் ஆய்வகத்தில் நீண்டகாலம் இருந்துவிட்டு, 1988இல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் பேராசிரியர் ஆனார். அப்போது அவருக்கு 55 வயது. நம் ஊரில் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கத் தொடங்கும் வயது.

குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியில் எலெக்ட்ரான் கைமாறும் மையம் புரதத்துக்குள் ஆழத்தில் புதைந்திருக்கிறது. வெளியே உள்ள மின்முனையால் அதைத் தொட முடியாது. திருச்செங்கோட்டுக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், தண்ணீர் பாறைக்கு அடியில் இருக்கிறது, குழாய் இறக்க வேண்டும். ஹெல்லர் இறக்கிய குழாய், ஆஸ்மியம் அணுக்களைக் கோத்த ஒரு பாலிமர். நொதியை அந்தப் பாலிமரோடு பிணைத்து மின்முனையின்மேல் பூசினால் எலெக்ட்ரான் அணுவுக்கு அணு தாவி வெளியே வந்துவிடும். மேலை ஆய்வுலகில் இதை நொதிக்குக் கம்பி இழுப்பது என்பார்கள்.

மகன் எஃப்ரயிமும் அவரும் 1996இல் தெராசென்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2000இல் வந்த அவர்களது ஃப்ரீஸ்டைல் கருவிக்கு 0.3 மைக்ரோலிட்டர் ரத்தம் போதும். அதற்கு முந்தைய கருவிகள் அதைப்போலப் பல மடங்கு ரத்தம் கேட்டன. இந்த வித்தியாசத்தை ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரியில் எழுதிவிடலாம். தினம் நான்கு முறை விரல் நுனியில் குத்திக்கொள்ளும் சர்க்கரை நோயாளிக்கு அது பெரிய விஷயம். விரல் நுனியில் வலி அதிகம். இவ்வளவு குறைந்த ரத்தம் போதுமென்றால் முன்கையில் குத்திக்கொள்ளலாம், வலியே தெரியாது. ஹெல்லர் குறிவைத்தது துல்லியத்தை மட்டும் அல்ல, வலியையும்தான். 2004இல் அபாட் நிறுவனம் தெராசென்ஸை ஏறத்தாழ 120 கோடி டாலருக்கு வாங்கியது. கையில் ஒட்டிக்கொண்டால் 14 நாள் சர்க்கரையைக் காட்டும் லிப்ரே கருவி 2014இல் ஐரோப்பாவில் வந்தது. அதற்குள்ளும் இருப்பது ஹெல்லர் இழுத்த கம்பிதான்.

வியாபாரக் கோணத்தில் பார்த்தால் குளுக்கோமீட்டர் போன்ற அதிர்ஷ்டசாலிப் பொருள் அரிது. நோயாளிக்கே எண் வேண்டும், தினமும் வேண்டும், காசும் அவரோ அவரது காப்பீடோ கொடுக்கும். ஒருமுறை கருவி வாங்கியவர் ஆயுள் முழுக்கப் பட்டை வாங்குவார். நொதியும் முரட்டு ஆள். உலர்ந்த நிலையில் மாதக்கணக்கில் அறைச் சூட்டில் கெடாமல் கிடக்கும். பயோசென்சார் சந்தையில் குளுக்கோஸ் மட்டும் இத்தனை காலமாக ஏன் கொடிகட்டிப் பறக்கிறது என்பதற்கு இவையெல்லாம் சேர்ந்துதான் காரணம். மற்ற உணரிகளைச் செய்கிறவர்கள் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் குளுக்கோமீட்டரின் விற்பனையைக் காட்டி ஆசை ஊட்டுவது எனக்கு எப்போதும் நெருடும்.

இரண்டாவது பேராசிரியர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் வேதிப் பொறியியல்காரர், சானிங் ராபர்ட்சன். அவருடைய ஆய்வகத்தில் இருந்த மாணவி எலிசபெத் ஹோம்ஸ் 19 வயதில் படிப்பை விட்டுவிட்டு 2003இல் தொடங்கிய நிறுவனம் தெரானோஸ். விரலில் எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் நூற்றுக்கணக்கான பரிசோதனைகளைச் செய்துவிடலாம் என்றது. ராபர்ட்சன் அதன் இயக்குநர் குழுவில் சேர்ந்து, பெயரையும் கொடுத்தார். ஒரு கட்டத்தில் நிறுவனத்தின் மதிப்பு 900 கோடி டாலர் என்று பேசப்பட்டது. 2015 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் ஜான் கேரிரூ எழுதத் தொடங்கியதும் சாயம் வெளுத்தது. 2016இல் தன் கருவி தந்த இரண்டு வருட முடிவுகளை நிறுவனமே செல்லாதென்று அறிவித்தது, 2018இல் மூடப்பட்டது, 2022இல் ஹோம்ஸுக்குச் சிறைத் தண்டனை. ராபர்ட்சன்மீது குற்றச்சாட்டு எதுவும் வரவில்லை. ஆனால் பேராசிரியரின் பெயர் முதலீட்டாளருக்கு ஆதாரமாகத் தோன்றும் என்பதையும், அது ஆதாரமே அல்ல என்பதையும் இந்த ஒரு விவகாரம் காட்டிவிட்டது.

இத்தனைக்கும் தெரானோஸின் பிழை அடிப்படைப் பாடத்தில் இருந்தது. ஒரு சொட்டைப் பல பங்காக்கி ஒவ்வொன்றையும் நீர்த்துப்போகச் செய்தால் அளக்க வேண்டிய பொருள் கருவியின் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். விரலைப் பிதுக்கி எடுக்கும் ரத்தத்தில் திசு நீரும் கலந்துவிடும். ஹெல்லரும் ஒரு சொட்டுக்கும் குறைவாகத்தான் கேட்டார், ஆனால் அதில் ஒரே ஒரு பொருளை அளந்தார்.

நம் பக்கத்து நிலவரம்

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் பழையது. கிண்டியில் 1944இல் எழுந்த அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி வேதிப் பொறியியல் படிப்புக்குப் பேர்போனது. அதற்குப் பணம் தந்த அதே அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை வரவழைத்தார். 1953 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. நொதியும் மின்முனையும் சந்திக்கும் இடம்தான் பயோசென்சார் என்றால், அந்த இரண்டு அறிவுக்கும் ஒரே செட்டிநாட்டு வணிகர் இடம் போட்டுக் கொடுத்திருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத லாபத்துக்கு முதல் போடுகிற துணிச்சல் அப்போது நம்மிடம் இருந்தது.

ஆய்வகத்திலிருந்து கடைக்கு வந்த இந்திய உதாரணங்களில் நன்றாகத் தெரிந்தது பெங்களூருவில் நடந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் நவகாந்த் பட் வேதிப் பொறியியல்காரர் அல்ல, நானோ மின்னணுத் துறைக்காரர். அவரும் வினய் குமாரும் 2015இல் தொடங்கிய பாத்ஷோத் நிறுவனத்தின் கையடக்கக் கருவி சர்க்கரையோடு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி, ஹீமோகுளோபின், சிறுநீர் அல்புமின் போன்றவற்றையும் அளக்கிறது. கொரோனா காலத்தில் அதே மேடையில் எதிர்ப்பொருள் சோதனையையும் உருவாக்கி, 2021இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் உரிமம் பெற்றார்கள். அதே கழகத்தின் வேதிப் பொறியியல் துறையில் பூஷண் டோலி, பம்ப் இல்லாமல் காகிதத்தில் திரவத்தை ஓடவிட்டு நோய் அறியும் முறைகளில் வேலை செய்கிறார். சென்னை ஐஐடியில் பல்லப் சின்ஹா மகாபாத்ரா குழு 2023இல் காட்டிய முப்பரிமாணக் காகிதக் கருவி, பாலில் கலந்த யூரியா, சோப்பு, ஸ்டார்ச் போன்றவற்றை 30 நொடியில் நிறமாகக் காட்டிவிடுகிறது. ஒரு மில்லிலிட்டர் பால் போதும். அதில் நொதியும் எதிர்ப்பொருளும் இல்லை, வேதிப்பொருள்தான். வாங்குகிறவருக்கு அதைப்பற்றிக் கவலை இல்லை.

பணத்துக்கும் முன்னைவிட வழி உண்டு. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2012இல் உருவாக்கிய பைராக் அமைப்பு, யோசனை நிலையில் இருக்கும் ஆளுக்கும் 18 மாதத்துக்கு 50 லட்சம் ரூபாய்வரை தருகிறது. தமிழ்நாடு அரசின் டான்சீட் திட்டம் உண்டு; ஈரோட்டில் ஸ்டார்ட்அப் டிஎன் வட்டார மையம் உண்டு. சட்டம்தான் அரைகுறை. அரசுப் பணத்தில் கண்டுபிடித்ததைப் பல்கலைக்கழகமே சொந்தம் கொண்டாடலாம் என்று அமெரிக்கா 1980இலேயே பே-டோல் சட்டம் போட்டுவிட்டது. நம் நாடாளுமன்றத்தில் 2008இல் வந்த அதேபோன்ற மசோதா 2014இல் திரும்பப் பெறப்பட்டது. அதனால் பெரிய நஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. காகிதத்தில் யாருக்கு உரிமை என்ற சண்டை, விற்கக்கூடிய பொருள் ஒன்று இருந்த பிறகு வர வேண்டியது.

2021இல் கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணம் 80 சதவீதம் குறைக்கப்பட்டது. நல்ல நோக்கம். விளைவு, கல்லூரிகள் விண்ணப்பங்களைக் கொட்டுகின்றன. வெளியிடப்பட்ட விண்ணப்பத்தையே காப்புரிமை என்று ஆண்டறிக்கையில் போட்டுக்கொள்கின்றன. தரவரிசைக்கு எண்ணிக்கை வேண்டுமே. பேராசிரியரின் பதவி உயர்வும் கட்டுரை எண்ணிக்கையைப் பார்க்கிறது. சென்சார் கட்டுரை எழுதுவது இதில் சுலபமான வழி. மின்முனையில் புதிதாக ஒரு நானோ பொருளைப் பூசி, சுத்தமான கரைசலில் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடித்ததாக வரைபடம் போட்டு, கடைசியில் ஒரு பத்தியில் இரண்டு மூன்று உண்மை மாதிரிகளைத் தொட்டுக்காட்டி முடித்துவிடலாம். மக்காச்சோளத் தூசியிலும் முட்டை மஞ்சள் கருவின் கொழுப்பிலும் 40 டிகிரி வெயிலில் ஆறு மாதம் கிடந்த பட்டையிலும் அதே வரைபடம் வருமா என்பதைச் சோதிக்க வருடங்கள் பிடிக்கும், கட்டுரை ஒன்று வந்தாலே அதிகம்.

நான்கு எண்கள்

மல்லசமுத்திரத்தைச் சுற்றி அளக்க வேண்டியவற்றுக்குத் திரும்புவோம். ஒவ்வொன்றிலும் எண்ணைத் தேடுகிறவர் யார் என்று பார்த்தால் கதை தெளிவாகும்.

முதலில் கிழங்கு. மரவள்ளியில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. செல் சிதைந்ததும் அதே செடியின் நொதி ஒன்று அதை உடைத்து ஹைட்ரஜன் சயனைடாக்கும். இலையும் தோலும் தின்ற ஆடு மாடு சாவது இந்தப் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரிந்த சங்கதி. உணவுக்கான மரவள்ளி மாவில் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சர்வதேச அளவுகோல். ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் பிராட்பரி, செடியின் நொதியையே பயன்படுத்தி, மஞ்சள் பிக்ரேட் காகிதம் பழுப்பாவதைப் பார்த்து அளவு சொல்லும் எளிய பெட்டி ஒன்றை உருவாக்கினார். முடிவுக்கு இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டும், ஆனால் கிராமத்தில் செய்துவிடலாம். சயனைடால் கால்கள் முடங்கும் கொன்சோ நோய் உள்ள ஆப்பிரிக்க ஊர்களுக்கு அது பயன்பட்டது. இங்கே நிலைமை வேறு. கிழங்கை அரைத்த மாவுப் பாலைக் கழுவித் தெளியவைத்து வறுக்கும் முறையில் ஜவ்வரிசிக்கு வரும்போது சயனைடு பெருமளவு போய்விடுகிறது. ஆக, சயனைடு உணரி என்பது கருத்தரங்குக்கு அழகான தலைப்பு, சேகோ ஆலைக்கு அவசரம் இல்லை. ஆலைக்கும் விவசாயிக்கும் நடுவில் சண்டை மாவுச்சத்து எண்ணில்தான். அதில் நம்பகமான மூன்றாம் ஆள் இல்லை. ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவு கலக்கிறது என்ற குற்றச்சாட்டும் பழையது; சேலத்தில் உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை நடத்துவது அடிக்கடி செய்தியாகும். சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. எந்தக் கிழங்கின் மாவு என்று ஐந்து நிமிடத்தில் சொல்லும் கருவி, பெயரைக் காப்பாற்ற வேண்டிய நேர்மையான உற்பத்தியாளருக்கு வேண்டும். அவர்களுக்கு 1981இல் பதிவான சேகோசர்வ் கூட்டுறவு என்ற பொது இடமும் இருக்கிறது.

இரண்டாவது, தீவனம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தபோது காரணம் புரியாமல் மர்ம நோய் என்றார்கள். நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் நச்சு என்று பிறகு தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் குளுக்கோமீட்டரின் நொதியைத் தருவதும் இதே ஆஸ்பெர்ஜில்லஸ் குடும்பத்தின் இன்னொரு உறுப்பினர்தான். நாமக்கல்லில் தீவனத்தின் பெரும்பங்கு மக்காச்சோளம். நச்சு ஏறினால் கோழியின் ஈரல் கெடும், முட்டை குறையும். நஷ்டம் பண்ணையாளருக்கே என்பதால் எண் அவருக்கு உறுதியாக வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985இல் வந்தது; அங்கே தீவனப் பகுப்பாய்வுக்கென்றே ஆய்வகம் இருக்கிறது. விரைவுப் பட்டைகளும் சந்தையில் உண்டு. அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. பூஞ்சை ஒரு மூட்டையில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. ஆயிரம் மணியில் ஒன்றிரண்டில் மட்டும் கடுமையாக ஏறியிருக்கும். லாரியின் ஓரத்தில் ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்தால், எவ்வளவு நுட்பமான உணரியும் தவறான எண்ணைத் துல்லியமாகச் சொல்லும். அஃப்ளடாக்சின் அளவீட்டில் பிழையின் பெரும்பகுதி கருவியில் இல்லை, மாதிரி எடுப்பதில் இருக்கிறது. வேதிப் பொறியியல் பேராசிரியருக்கு இங்கே உண்மையான வேலை உண்டு. லாரியின் பல இடத்திலிருந்து மக்காச்சோளத்தை உறிஞ்சி, அரைத்து, கலந்து, அதிலிருந்து பட்டைக்குச் சாறு எடுத்துக் கொடுக்கும் மலிவான இயந்திரம் ஒன்று. கட்டுரையில் அது கவர்ச்சியாக இருக்காது. ரிக் வண்டியும் லாரி பாடியும் கட்டுகிற பட்டறைகள் பக்கத்திலேயே இருப்பதால் செய்து பார்ப்பது எளிது.

மூன்றாவது, முட்டையிலும் பாலிலும் தங்கும் ஆன்டிபயாடிக். கடைசிப் புகலிடமாக மருத்துவர்கள் வைத்திருக்கும் கொலிஸ்டினை உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்குத் தருவதை 2019 ஜூலையில் மத்திய அரசு தடைசெய்தது. பாலில் மருந்து மிச்சத்தைப் பார்க்க ஐரோப்பாவில் பல பத்தாண்டுகளாக ஒரு சோதனை புழங்குகிறது: மருந்துக்கு எளிதில் மடியும் பாக்டீரியா வித்துகளை நிறக்குறியோடு ஜெல்லில் வைத்திருப்பார்கள், பால் சுத்தமாக இருந்தால் அவை வளர்ந்து, சில மணி நேரத்தில் ஊதா மஞ்சளாகும், மருந்து இருந்தால் ஊதாவாகவே நிற்கும். நுண்ணுயிரியே உணரி. அங்கே அது பரவியதற்குக் காரணம் நுட்பம் மட்டும் இல்லை. ஒரு பண்ணையின் மருந்துப் பால் தொட்டி முழுவதையும் கெடுத்து, தயிர் உறையாமல், சீஸ் ஆலைக்கு நஷ்டம் வைக்கும். அதனால் ஆலையே சோதித்தது. முட்டையில் அப்படி இயற்கையான காவலாளி இல்லை. உள்ளூரில் முட்டை வாங்குகிறவர் கேட்பதில்லை. ஏற்றுமதி செய்கிறவர் கேட்கிறார், ஏனெனில் வெளிநாட்டுத் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் திரும்பினால் அவர் தலையில் விழும். ஆகவே முதல் வாடிக்கையாளர் அவர்தான், ஆயிரக்கணக்கான பண்ணைகள் அல்ல. சத்துணவுக்கு முட்டை வாங்கும் அரசு நினைத்தால் இரண்டாவது வாடிக்கையாளர் கிடைப்பார்.

நான்காவது எண்ணை யாரும் விரும்புவதில்லை. சேலத்திலிருந்து வரும் திருமணிமுத்தாறு மழைக்காலத்தில் மல்லசமுத்திரம் பக்கம் மதியம்பட்டியில் நுரை பொங்கி ஓடுவது செய்தித்தாள் வாசகர்களுக்குப் பழகிய படம். கழிவுநீரின் கேட்டை அளக்கும் பிஓடி சோதனைக்கு நம் நாட்டு முறைப்படி 27 டிகிரியில் மூன்று நாள் ஆகும். நீர்நிலையில் விட லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்பது பொது வரம்பு. சேகோ கழிவுநீர் சுத்திகரிக்காதபோது ஆயிரங்களில் இருக்கும். ஜப்பானில் இசாவோ கருபே 1977இலேயே நுண்ணுயிரிகளை ஆக்சிஜன் மின்முனையில் ஒட்டி, இதே அளவை அரை மணிக்குள் சொல்லும் உணரியைக் காட்டினார். 1983இல் கருவி விற்பனைக்கு வந்தது, 1990இல் ஜப்பானியத் தொழில்தர நிர்ணயம் அதை ஏற்றுக்கொண்டது. நம்மிடம் அது ஏன் வரவில்லை என்பது வேதியியல் கேள்வி அல்ல. கழிவை விடுகிறவர் அளவு தெரிய வேண்டும் என்று காசு கொடுப்பாரா? ஆற்றங்கரை விவசாயிக்கு எண் வேண்டும், அவரிடம் பணம் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மூன்று நாள் சோதனைதான் சட்டப்படி செல்லும்.

இதற்கும் ஒரு பக்கவாசல் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. பல சேகோ ஆலைகள் கழிவுநீரை மூடிய தொட்டியில் புளிக்கவிட்டுச் சாண எரிவாயு போல மீத்தேன் எடுத்து எரிக்கின்றன. அந்தத் தொட்டிக்குள் அமிலம் ஏறினால் வாயு தரும் நுண்ணுயிரிகள் செத்து, உற்பத்தி நின்று, மறுபடி தொட்டி தேற வாரங்கள் ஆகும். அமிலம் ஏறுவதை முன்கூட்டியே சொல்லும் உணரியை ஆலைக்காரர் தன் காசில் வாங்குவார், அவருக்கு எரிபொருள் மிச்சம். தொட்டி ஒழுங்காக ஓடினால் வெளியேறும் நீரும் தானாகவே தெளியும். கெடுதலை அளப்பவனாக உள்ளே போகாமல் லாபத்தை அளப்பவனாகப் போக வேண்டும்.

இந்த வட்டாரத்துக்குத் தொழில் முனைவு என்ன என்று வெளியார் வந்து வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 1943இல் யுத்தத்தால் தென்கிழக்காசிய ஜவ்வரிசி வரத்து நின்றபோது, வியாபாரத்துக்காகக் கேரளம் போய்வந்து மரவள்ளியை அறிந்திருந்த மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து ஜவ்வரிசித் தொழில்நுட்பம் தெரிந்து வந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து வீட்டுப் பாத்திரங்களை வைத்து ஆரம்பித்ததுதான் சேகோ தொழில். இயந்திரங்களை மேம்படுத்தியவர் வெங்கடாசலக் கவுண்டர் என்ற மெக்கானிக். அவர்களில் யாரும் ஆய்வுக் கட்டுரை எழுதவில்லை. சந்தையில் ஒரு பொருள் இல்லை என்று தெரிந்தது, செய்தார்கள். இன்றைய பேராசிரியருக்கு அவர்களைவிட அறிவு அதிகம், கருவிகள் அதிகம். சேகோ ஆலையின் திப்பி வாசனையும் கோழிக்கொட்டகையின் அமோனியா நெடியும் மட்டும் குறைவு.

மல்லசமுத்திரம், திருச்செங்கோடு, ராசிபுரம் வட்டாரத்துக் கல்லூரி நிர்வாகங்களுக்கும் நிதி தரும் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பயோசென்சார் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும்போது, எத்தனை கட்டுரை வரும் என்று கேட்பதற்கு முன், இந்தக் கருவியின் எண்ணுக்குக் காசு கொடுக்கத் தயார் என்று ஒரு தீவன ஆலையோ, ஒரு முட்டை ஏற்றுமதியாளரோ, சேகோசர்வோ கையெழுத்திட்ட கடிதம் ஒன்றைக் கேளுங்கள். கடிதம் வராவிட்டால் பேராசிரியரை ஒரு பருவம் அந்த ஆலைகளுக்கு அனுப்பி வையுங்கள். கிழங்கு அறுவடைக் காலமாக இருந்தால் இன்னும் நல்லது.